போன குளிருக்கு வராத தலைவலி, இந்தக் குளிருக்கு ஏன்?

வாசகி ஒருவர் நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். அவரை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை நீக்கிவிட்டு, சாரத்தை மட்டும் தருகிறேன்.

அவருக்கு வயது 29. ஐந்து மாதக் கர்ப்பிணி. கணவர், நான்கு வயது மகன், மாமியார் ஆகியோருடன் வாடகை வீட்டில் இருக்கிறார். கடுங்குளிர் அடிக்கும் இடம். கூடத்தில் ஓர் இரும்புக் கணப்படுப்பு. அதன் புகைக்குழாய் சுவரைத் துளைத்து வெளியே போய், கூரைக்கு மேலே ஏறுகிறது. போன குளிர்காலம் முழுக்க இதே அடுப்பைத்தான் எரித்தார்கள். ஒரு தொந்தரவும் இல்லை. இந்த முறை மூன்று வாரமாகக் காலையில் எழும்போதே இவருக்குத் தலைவலி, குமட்டல். மகனும் "தலை வலிக்குது" என்கிறான், இருமுகிறான். மாமியார் படுக்கையிலிருந்து எழுந்தால் சுவரைப் பிடித்துக்கொள்கிறார். விடிவதற்கு முன்பே வேலைக்குக் கிளம்பிவிடும் கணவருக்கு மட்டும் ஒன்றும் இல்லை. பையனைப் பள்ளியில் விட்டுவிட்டு வெளியே சற்று நேரம் இருந்தால் தனக்கும் சரியாகிவிடுகிறது என்கிறார்.

விறகை மிச்சப்படுத்த இந்த ஆண்டு ஜன்னல் இடுக்குகளை எல்லாம் டேப் ஒட்டி அடைத்திருக்கிறார்கள். சமையலறையில் புதிதாக ஒரு எக்ஸாஸ்ட் ஃபேன் போட்டிருக்கிறார்கள். இரவு பத்து மணிக்குக் கணவர் பெரிய கட்டைகளாக அடுக்கி, அடுப்பின் காற்று வழியையும் குழாயில் உள்ள தகட்டையும் மூடிவிடுகிறார். காலை வரை கங்கு அணையாமல் இருக்கும். விறகு போதாதபோது பழைய கதவு, பிளைவுட் துண்டுகளும் போகின்றன. சாம்பலை வாளியில் அள்ளி நடையில் வைக்கிறார்கள். புகைக்குழாயின் மூட்டில் கறுப்பாக, தேன் வழிந்து காய்ந்ததுபோல ஏதோ இருக்கிறது. வீட்டில் இருக்கும் ஆக்சிமீட்டரில் நான்கு பேருக்கும் 98 காட்டுகிறது. அறையில் புகையே இல்லை. போதாததற்கு, நச்சுக்காற்றை இழுத்துக்கொள்ளும் என்று மாமியார் அடுப்பின் மேல் ஒரு பாத்திரத்தில் தண்ணீரும் வைக்கிறார்.

"இது கர்ப்பத்தால் வரும் தலைவலியா, அடுப்பால் வருவதா? அடுப்புதான் காரணம் என்றால் அதை எடுத்துப் போட்டுவிட வேண்டுமா? நான் வீணாகப் பயப்படுகிறேன் என்கிறார் கணவர்" என்று முடித்திருக்கிறார்.

அன்புச் சகோதரிக்கு,

மற்றதெல்லாம் பிறகு. இதைப் படித்ததும் அடுப்பை நிறுத்துங்கள். இன்றிரவு அதில் தீ வேண்டாம். நீங்கள், பையன், மாமியார் மூவரும் இன்றே மருத்துவமனைக்குப் போங்கள். "வீட்டில் விறகடுப்பு எரிகிறது. மூன்று பேருக்கும் காலையில் தலைவலி, தலைச்சுற்றல். வெளியே வந்தால் சரியாகிறது. கார்பன் மோனாக்சைடு என்ற நச்சுவாயுவோ என்று சந்தேகப்படுகிறோம்" என்று இதே வார்த்தைகளில் சொல்லுங்கள். தலைவலி என்று மட்டும் சொன்னால், கர்ப்பிணிதானே என்று ஓய்வெடுக்கச் சொல்லி அனுப்பிவிடக்கூடும்.

நானே அப்படி அனுப்பியிருக்கிறேன். பயிற்சி மருத்துவராக இருந்தபோது ஒரு குளிர்கால இரவில் ஒரு தாயும் இரண்டு பிள்ளைகளும் வாந்தி, தலைச்சுற்றல் என்று வந்தார்கள். காய்ச்சல் இல்லை, வயிற்றுப்போக்கு இல்லை. சாப்பாட்டில் ஏதோ கோளாறு என்று நினைத்தேன். வார்டில் இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருந்ததிலேயே மூவருக்கும் தெளிந்துவிட்டது. மருந்து கேட்டுவிட்டது என்று வீட்டுக்கு அனுப்பினேன். விடியற்காலையில் அதே மூவரையும் ஆம்புலன்சில் கொண்டுவந்தார்கள். பிழைத்துக்கொண்டார்கள். ஆனால் வீட்டைவிட்டு வெளியே வந்ததால்தான் முதல்நாள் அவர்களுக்குத் தெளிந்தது என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. வெளியே போனால் சரியாகிவிடுகிறது என்ற உங்கள் வரியைப் படித்ததும் அந்தத் தாயின் முகம்தான் நினைவுக்கு வந்தது.

கர்ப்பத்தில் தலைவலி வரும், குமட்டலும் வரும், உண்மைதான். ஆனால் உங்கள் கர்ப்பம் உங்கள் மகனுக்குத் தலைவலியோ மாமியாருக்குத் தடுமாற்றமோ தராது. ஒரே கூரையின் கீழ் தூங்குகிற மூன்று பேருக்கு ஒரே நேரத்தில் ஒரே மாதிரி வந்தால், முதலில் அந்தக் கூரைக்குக் கீழே இருக்கும் காற்றைத்தான் சந்தேகப்பட வேண்டும். கணவர் மட்டும் நன்றாக இருப்பதும் இதற்குப் பொருந்துகிறது. அவர் மற்ற மூவருக்கும் முன்பே எழுந்து வெளிக்காற்றுக்குப் போய்விடுகிறார்.

ஆக்சிமீட்டர் 98 காட்டியதே?

உங்களைப் போலவே படித்தவர்கள் பலரும் ஏமாறும் இடம் இது. விறகு போதிய காற்றில்லாமல் எரியும்போது கார்பன் மோனாக்சைடு உண்டாகிறது. அதற்கு நிறமோ மணமோ சுவையோ கிடையாது. மூச்சோடு உள்ளே போய் ரத்தத்தின் ஹீமோகுளோபினில், ஆக்சிஜன் உட்கார வேண்டிய இடத்தில் உட்கார்ந்துகொள்கிறது. ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கும் மேல் இறுக்கமாக ஒட்டிக்கொள்வதால், அது காற்றில் கொஞ்சம் இருந்தாலும் ரத்தத்தில் நிறையச் சேர்ந்துவிடுகிறது. விரலில் மாட்டும் ஆக்சிமீட்டர் ரத்தத்தின் நிறத்தைப் பார்த்துக் கணக்குப் போடும் கருவி. ஆக்சிஜன் ஏறிய ஹீமோகுளோபினும் கார்பன் மோனாக்சைடு ஏறிய ஹீமோகுளோபினும் அதன் சிவப்பு ஒளிக்கு ஏறக்குறைய ஒன்றுபோலவே தெரியும். இரண்டையும் சேர்த்து ஆக்சிஜன் என்று எண்ணி 98 காட்டிவிடும். நச்சேறி மயங்கிக் கிடப்பவருக்கும் அது 98 காட்டலாம்.

அதனால் ரத்தத்தை எடுத்து, 'கார்பாக்சி ஹீமோகுளோபின்' எவ்வளவு என்று பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். கையில் சாதாரணமாக ஊசி குத்தி எடுக்கும் ரத்தமே போதும். புகைபிடிக்காதவருக்கு இது சதவீதத்தில் ஒன்றோ இரண்டோதான் இருக்க வேண்டும். நேரம் இதில் முக்கியம். சாதாரணக் காற்றைச் சுவாசித்துக்கொண்டிருந்தால் ரத்தத்தில் உள்ள நச்சு பாதியாகக் குறையச் சுமார் நான்கு முதல் ஆறு மணி நேரம் ஆகும். முகமூடி வழியாக முழு ஆக்சிஜன் கொடுத்தால் ஒன்றிலிருந்து ஒன்றரை மணி நேரத்திலேயே பாதியாகிவிடும். அதனால் காலையில் தலைவலியோடு எழுந்துவிட்டு மாலையில் போய்ச் சோதித்தால் முடிவு சாதாரணமாக வரலாம். அதை வைத்து அடுப்பு குற்றமற்றது என்று முடிவுகட்டாதீர்கள். கடைசியாக அடுப்பு எரிந்து எத்தனை மணி நேரம் ஆகிறது என்பதை மருத்துவரிடம் சொல்லுங்கள். அதே சமயம், சோதனையில் தெரியட்டும் என்று இன்னும் ஒரு ராத்திரி அந்த வீட்டில் தீ போட்டுத் தூங்கிப் பார்க்கிற யோசனையே வேண்டாம். யாராவது அப்படிச் சொன்னால் கேட்காதீர்கள்.

வயிற்றில் இருக்கும் குழந்தை பற்றிச் சொல்லத்தான் வேண்டும். பயமுறுத்துவதற்காகச் சொல்லவில்லை, நீங்கள் மூவரில் முதலில் கவனிக்கப்பட வேண்டியவர் நீங்கள் என்பதால் சொல்கிறேன். கருவில் உள்ள குழந்தையின் ஹீமோகுளோபின் இந்த வாயுவை நம்முடையதைவிட இறுக்கமாகப் பிடித்துக்கொள்ளும். குழந்தையின் ரத்தத்தில் தாயைவிட மெதுவாக ஏறி, தாய்க்கு இறங்கிய பிறகும் குழந்தையிடம் நீடிக்கும். அதனால் கர்ப்பிணிக்கு ஆக்சிஜனை மற்றவர்களைவிட அதிக நேரம் கொடுப்பார்கள். "தலைவலி நின்றுவிட்டது, போகிறேன்" என்று நீங்களாக எழுந்து வராதீர்கள். உங்கள் மகப்பேறு மருத்துவரிடமும் இதைச் சொல்லிவிடுங்கள். உங்களுக்கு மயக்கமோ நினைவு தப்புவதோ இல்லை என்பது நல்ல அறிகுறி. இப்போது பிடித்துவிட்டீர்கள் என்பது அதைவிட நல்லது. மாமியாருக்கு மட்டும் அடுத்த சில வாரங்கள் மறதி, நடையில் தடுமாற்றம், சுபாவத்தில் மாற்றம் ஏதாவது தெரிகிறதா என்று பாருங்கள். இந்த நச்சின் பாதிப்பு சிலருக்கு நாள்கள் கழித்துத் தலைகாட்டும். வயதின் கோளாறு என்று விட்டுவிடக் கூடாது.

புகை இல்லாதபோதுதான் ஆபத்து

அறையில் புகையே இல்லை என்கிறீர்கள். அடுப்புக்கதவு வழியாக ஒருநாள் சாயங்காலம் நீங்கள் பார்த்திருப்பீர்கள். தீ பற்றியதும் மஞ்சள் நாக்குகளாக எழும்பும், சடசடக்கும். விறகிலிருந்து வரும் வாயுக்கள் எரிவதுதான் அந்தச் சுவாலை. அவை தீர்ந்த பிறகு சுவாலை தணிந்து, கட்டை இருந்த இடத்தில் செக்கச்செவேல் என்று கங்கு கிடக்கும். புகையும் இருக்காது, சத்தமும் இருக்காது. சில சமயம் அதன் மேல் சின்னதாக ஒரு நீலச் சுவாலை ஓடும். கங்கிலிருந்து கிளம்பிய கார்பன் மோனாக்சைடு, மேலே வந்து காற்றைச் சந்தித்து எரிவதுதான் அந்த நீலம். அது எரிந்துகொண்டிருக்கும்வரை அதனால் நமக்குக் கெடுதல் இல்லை. காற்றை அடைத்துவிட்டால் அது எரியாமல் அப்படியே கிளம்பும்.

இப்போது இரவு பத்து மணிக்கு உங்கள் கணவர் செய்வதை யோசித்துப் பாருங்கள். பெரிய கட்டைகளை வைத்துக் காற்று வழியை மூடுகிறார். தீ திணறிக் கனல ஆரம்பிக்கிறது. வாயு நிறைய உண்டாகிற நிலை அது. அதோடு குழாயில் உள்ள தகட்டையும் மூடுகிறார். வாயு போக வேண்டிய வழியும் சுருங்கிவிடுகிறது. நேரம் ஆக ஆகக் குழாய் ஆறிப்போகிறது. புகைக்குழாய் இழுப்பதே உள்ளே இருக்கும் காற்று வெளிக்காற்றைவிடச் சூடாக, லேசாக இருப்பதால்தான். ஆறிய குழாய்க்கு இழுவை கிடையாது. விடியும் நேரத்தில் இழுக்காத குழாய், கனலும் கங்கு, ஆழ்ந்து தூங்கும் மூன்று பேர். காலையில் எழுந்ததும் தலைவலி என்றால் வேறென்ன காரணம் வேண்டும்?

கங்கை மூடி வைத்துவிட்டுத் தூங்குவது பரம்பரையாகப் பலரும் செய்வதுதான். அவர் ஏதோ அலட்சியமாகச் செய்கிறார் என்று நான் சொல்லவில்லை. குடும்பம் குளிரில் நடுங்கக் கூடாது என்றுதான் செய்கிறார். ஆனால் அதை விட்டாக வேண்டும். எனக்குத் தெரிந்து விறகடுப்பு வைத்திருக்கும் வீடுகளில் மாற்ற வேண்டிய பழக்கம் ஒன்றே ஒன்றுதான் என்றால், அது இதுதான்.

போன ஆண்டு ஏன் வரவில்லை?

போன ஆண்டும் இப்படித்தான் மூடினார்கள், அப்போது ஒன்றும் ஆகவில்லையே என்று கணவர் கேட்பார். நியாயமான கேள்வி. பதிலை உங்கள் கடிதத்திலேயே எழுதியிருக்கிறீர்கள்: டேப், எக்ஸாஸ்ட் ஃபேன். போன ஆண்டு ஜன்னல் இடுக்குகள் வழியாக வீட்டுக்குள் காற்று வந்துகொண்டிருந்தது. அடுப்புக்குத் தேவையான காற்றும் அதிலிருந்தே கிடைத்தது, கசிந்த வாயுவும் நீர்த்துப் போனது. இந்த ஆண்டு அதை அடைத்துவிட்டீர்கள். அதற்கு மேல் சமையலறை ஃபேன் வீட்டுக் காற்றை வெளியே தள்ளுகிறது. வெளியே போன காற்றுக்கு ஈடாக எங்கிருந்தாவது காற்று உள்ளே வந்தாக வேண்டும். எல்லா வழியும் அடைந்திருக்கும் வீட்டில் மிச்சமிருக்கும் பெரிய துளை புகைக்குழாய்தான். காற்று அதன் வழியாகத் தலைகீழாக இறங்கும்.

அடுப்பு முழுக்க ஆறியிருக்கும் ஒரு பகலில் கணவரையே ஒரு சோதனை செய்து பார்க்கச் சொல்லுங்கள். கதவு, ஜன்னல்களைச் சாத்தி, ஃபேனைப் போட்டு, அடுப்பின் கதவைச் சற்றே திறக்கட்டும். ஒரு தீக்குச்சியைக் கொளுத்தி ஊதி அணைத்து, அதன் புகையை அடுப்பு வாயருகே பிடிக்கட்டும். புகை உள்ளே போகிறதா, முகத்துக்கு வருகிறதா என்று பார்த்தாலே போதும். நான் பத்துப் பக்கம் எழுதுவதைவிட அந்த ஒரு குச்சிப் புகை அவருக்கு நன்றாகப் புரியவைக்கும். ஒன்று சொல்லிவிடுகிறேன்: புகை உள்ளே போனால் அடுப்பு பத்திரம் என்று ஆகிவிடாது. காற்றின் திசையும் வெளிக்குளிரும் இழுவையை நாளுக்கு நாள் மாற்றும்.

அப்புறம் மாமியார் வைக்கும் தண்ணீர். சூட்டில் காற்று வறண்டுபோவதைத் தணிக்க அது உதவும், தாராளமாக வைக்கட்டும். ஆனால் கார்பன் மோனாக்சைடு தண்ணீரில் கரைவது மிக மிகக் குறைவு. தொட்டிச் செடியும் அதை இழுத்துக்கொள்ளாது. அவரிடம் தவறு என்று சொல்லி வருத்த வேண்டாம். "தண்ணீர் இருக்கட்டும் அத்தை, இதையும் மாட்டிக்கொள்வோம்" என்று எச்சரிக்கைக் கருவியைக் காட்டுங்கள்.

குழாயில் வழிந்திருக்கும் கறுப்புத் தேன்

நீங்கள் போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அது பெரிய விஷயமாகப் படுகிறது. அதன் பெயர் கிரியோசோட். ஈர விறகையோ காற்றில்லாமல் திணறும் தீயையோ எரித்தால், எரியாத தார்ச்சத்தும் நீராவியும் சேர்ந்து மேலே போய், குழாயின் ஆறிய சுவரில் படிகின்றன. முதலில் கரித்தூள், பிறகு செதில், கடைசியில் உங்கள் வீட்டில் இருப்பதுபோலக் கறுப்புப் பாகு. அது நன்றாக எரியக்கூடிய பொருள். ஒருநாள் தீ சற்று உக்கிரமாக எரிந்து, பொறி மேலே போனால் குழாய்க்குள்ளேயே தீப்பிடிக்கும். அந்தத் தீ 1,000 டிகிரி செல்சியஸைத் தாண்டக்கூடியது. குழாய் விரிசல் விடும், சுவரிலும் கூரையிலும் உள்ள மரம் பற்றிக்கொள்ளும். மூட்டு வழியாகப் பாகு வெளியே வந்திருக்கிறது என்றால் அந்த மூட்டு இறுக்கமாக இல்லை என்பதும் தெரிகிறது. பாகு வரும் வழியில் வாயுவும் வரும்.

ஆகவே புகைக்குழாய் சுத்தம் செய்யத் தெரிந்த ஆளை வரவழைத்து அடி முதல் நுனி வரை பார்க்காமல் அடுப்பை மறுபடி பற்றவைக்கக் கூடாது. உள்ளே மூன்று மில்லிமீட்டர் தடிமனுக்குப் படிந்துவிட்டாலே சுத்தம் செய்தாக வேண்டும் என்பது பொதுவான கணக்கு. படியவில்லை என்றாலும் ஆண்டுக்கு ஒருமுறை பார்க்க வேண்டும். பறவைக் கூடு அடைத்திருக்கிறதா, குழாயில் இரண்டுக்கு மேல் வளைவு இருக்கிறதா, கூரையைத் துளைத்த இடத்திலிருந்து 90 சென்டிமீட்டராவது உயர்ந்திருக்கிறதா, சுற்றிலும் மூன்று மீட்டருக்குள் இருக்கும் எதைவிடவும் 60 சென்டிமீட்டர் கூடுதல் உயரம் இருக்கிறதா என்றும் பார்க்கச் சொல்லுங்கள். கூரை முகடு குழாயைவிட உயரமாக இருந்தால் காற்று அதில் மோதிக் குழாய்க்குள் இறங்கும். கணவரே கம்பியும் துணியும் வைத்துச் சுத்தம் செய்துவிடலாம் என்று நினைத்தால், இந்தப் பாகு நிலைக்கு அது போதாது. கரியைத் தொடும் வேலை எதுவானாலும் முகமூடியும் கையுறையும் வேண்டும். புகைக்குழாய் துடைத்த சிறுவர்களுக்குப் பின்னாளில் வந்த புற்றுநோய்க்குக் கரிதான் காரணம் என்று லண்டன் அறுவை மருத்துவர் பெர்சிவல் பாட் 1775-லேயே எழுதிவைத்திருக்கிறார்.

என்றைக்காவது குழாயிலிருந்து ரயில் ஓடுவதுபோல உறுமல் கேட்டாலோ, கூரைக்கு மேல் பொறி பறந்தாலோ, அடுப்பின் கதவையும் காற்று வழிகளையும் மூடிவிட்டு எல்லோரும் வெளியே வந்து தீயணைப்பு நிலையத்தைக் கூப்பிடுங்கள். சூடான அடுப்பில் தண்ணீர் ஊற்றக் கூடாது. வார்ப்பிரும்பு வெடிக்கும், கொதிநீராவி முகத்தில் அடிக்கும்.

விறகு, சாம்பல், பையனின் இருமல்

பழைய கதவும் பிளைவுட்டும் அடுப்புக்குள் போகவே கூடாது. பழைய பெயின்டில் ஈயம் இருக்கலாம். பிளைவுட்டின் பசையிலிருந்து ஃபார்மால்டிஹைடு வரும். பூச்சி அரிக்காமல் இருக்க மருந்தேற்றிய மரமாக இருந்தால் ஆர்சனிக்கூட இருக்கலாம், அது சாம்பலிலும் தங்கும். நான்கு வயதுப் பையன் விளையாடும் தரையில் அந்தச் சாம்பல் பறக்கக் கூடாது.

விறகில் ஈரம் 20 சதவீதத்துக்குக் கீழே இருக்க வேண்டும். பச்சை மரத்தில் எடையில் பாதிகூட ஈரமாக இருக்கும். பிளந்து, மழை படாமல் காற்றோட்டமாக அடுக்கி ஆறு மாதமாவது காயவிட வேண்டும், கடின மரம் என்றால் ஓர் ஆண்டு, இரண்டு ஆண்டுகூட ஆகும். இரண்டு கட்டைகளை ஒன்றோடொன்று தட்டிப் பாருங்கள். காய்ந்தது 'டங்' என்று கணீரென ஒலிக்கும். ஈரமானது 'தொப்' என்று மந்தமாக விழும். முனையில் கீறல் விட்டு, பட்டை தானாகக் கழன்று வந்தால் தயார். ஈரம் அளக்கும் சின்னக் கருவியும் கிடைக்கிறது. கட்டையைப் புதிதாகப் பிளந்து உள்பக்கத்தில் குத்திப் பார்க்க வேண்டும், வெளிப்பக்கம் ஏமாற்றும்.

பையனின் இருமலுக்கு வருகிறேன். விறகுப் புகையில் பி.எம். 2.5 எனப்படும் நுண்துகள்கள் நிறைய உண்டு. அவை நுரையீரலின் கடைசிக் காற்றுப்பை வரை போகும். 24 மணி நேரச் சராசரியாக ஒரு கனமீட்டர் காற்றில் 15 மைக்ரோகிராமுக்கு மேல் இருக்கக் கூடாது என்று உலகச் சுகாதார நிறுவனம் 2021-இல் வரையறுத்தது. கதவைத் திறந்து விறகு போடும் ஒவ்வொரு முறையும் ஒரு வீச்சு அறைக்குள் வந்துவிடும். குழந்தை அடுப்பருகே உட்கார்ந்திருந்தால் நேராக அவன் முகத்துக்குத்தான் வரும். மூச்சுவிடும்போது விசில்போல் சத்தம் வருகிறதா, இரவில் இருமி விழிக்கிறானா என்று கவனித்துக் குழந்தை மருத்துவரிடம் சொல்லுங்கள். அடுப்பைச் சுற்றித் தடுப்புக் கம்பி இல்லை என்றால் அதையும் போடுங்கள். துணி உலர்த்துவது, நாற்காலி, திரைச்சீலை எல்லாம் அடுப்பிலிருந்து ஒரு மீட்டராவது தள்ளி இருக்கட்டும்.

சாம்பல் வாளி நடையில் இருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். பிளாஸ்டிக் வாளி என்றால் இப்போதே மாற்றுங்கள். மேலே ஆறிச் சாம்பலாகத் தெரிவதன் அடியில் கங்கு மூன்று, நான்கு நாள்கூட உயிரோடு இருக்கும். அது வாளியை உருக்கித் தீ வைப்பது ஒரு பக்கம். உள்ளே கனன்றுகொண்டு அதே கார்பன் மோனாக்சைடை உங்கள் நடையில் விட்டுக்கொண்டிருப்பது இன்னொரு பக்கம். மூடியுள்ள உலோக வாளியில், வீட்டுச் சுவரிலிருந்து மூன்று மீட்டராவது தள்ளி வெளியே, கல் அல்லது மண் தரையில் வையுங்கள்.

எச்சரிக்கைக் கருவி

கார்பன் மோனாக்சைடு எச்சரிக்கைக் கருவி இல்லாமல் அந்த அடுப்பில் இனி தீ மூட்டாதீர்கள். புகை எச்சரிக்கைக் கருவி வேறு, இது வேறு. புகைக் கருவிக்கு இந்த வாயு தெரியாது. இரண்டுமே வேண்டும். ஒன்று அடுப்பு இருக்கும் கூடத்தில், அடுப்பிலிருந்து ஒன்று முதல் மூன்று மீட்டர் தள்ளி. இன்னொன்று நீங்கள் தூங்கும் அறையில், தலையணை உயரத்துக்குப் பக்கமாக. இந்த வாயு தரையில் தங்கும் என்று சிலர் கீழே வைக்கிறார்கள். அதன் எடை ஏறக்குறையக் காற்றின் எடைதான், எங்கும் கலந்து நிற்கும். ஜன்னல் ஓரத்திலோ ஃபேன் அருகிலோ வைக்காதீர்கள். பின்புறம் ஆயுள் முடியும் தேதி அச்சிட்டிருக்கும், பெரும்பாலும் ஐந்திலிருந்து பத்து ஆண்டு. பட்டனை அழுத்தினால் சத்தம் வருகிறதே என்று தேதி போனதை வைத்திருக்கக் கூடாது.

எண் காட்டும் கருவியாகப் பார்த்து வாங்குங்கள். உங்களுக்கு அது முக்கியம், ஏனென்றால் சத்தம் எழும் அளவு ஆரோக்கியமானவர்களை மனத்தில் வைத்து நிர்ணயித்தது. ஐரோப்பியத் தர அளவில் 50 பிபிஎம் (காற்றின் பத்து லட்சம் பங்கில் 50 பங்கு) இருந்தால் ஒரு மணி நேரத்துக்குப் பிறகுதான் ஒலிக்கத் தொடங்கும். கர்ப்பிணியும் குழந்தையும் வயதானவரும் உள்ள வீட்டில் இரண்டிலக்க எண் எதைக் கண்டாலும் அடுப்பை நிறுத்திவிட்டுக் காரணம் தேடுங்கள்.

ஒலித்துவிட்டால் என்ன செய்வது? ஜன்னலைத் திறந்துவிட்டு உள்ளேயே உட்காராதீர்கள். முதலில் எல்லோரும் வெளியே. தலையை எண்ணிப் பாருங்கள். வெளியே நின்று உதவிக்குக் கூப்பிடுங்கள். உள்ளே எடுக்க மறந்த பொருளுக்காக யாரும் திரும்பிப் போகக் கூடாது.

வீட்டுக்காரரிடமும் கணவரிடமும்

வாடகை வீடு என்பதால், புகைக்குழாயின் நிலையை எழுத்தில் வீட்டுக்காரருக்குத் தெரிவியுங்கள். மூட்டில் வழிந்திருப்பதைப் படம் எடுத்து இணையுங்கள். மருத்துவமனை அறிக்கையின் நகலும் இருக்கட்டும். வாய்ப்பேச்சாகச் சொன்னது பிறகு நிற்காது. பல இடங்களில் இது வீட்டுக்காரரின் சட்டக் கடமை. உதாரணமாக இங்கிலாந்தில் 2015 முதல், விறகு, கரி போன்றவற்றை எரிக்கும் அடுப்பு உள்ள அறையில் கார்பன் மோனாக்சைடு கருவி வைப்பது வாடகைக்கு விடுபவரின் பொறுப்பு. நீங்கள் இருக்கும் இடத்தின் விதியை உள்ளாட்சி அலுவலகத்திலோ தீயணைப்பு நிலையத்திலோ கேட்டால் சொல்வார்கள். அவர் செலவுக்கு ஒத்துக்கொள்ளும் வரை காத்திருக்க வேண்டாம். கருவியை முதலில் நீங்களே வாங்கி மாட்டிவிட்டு, கணக்கை அப்புறம் பேசிக்கொள்ளலாம்.

கணவரோடு சண்டை வேண்டாம். நீங்கள் பயப்படுகிறீர்கள் என்று அவர் நினைப்பதற்குக் காரணம், காலையில் உங்கள் மூவரின் முகத்தையும் அவர் பார்ப்பதில்லை. இந்தக் கடிதத்தைச் சேர்ந்தே படியுங்கள்.

அடுப்பை எடுத்துப் போட வேண்டுமா என்று கேட்டிருந்தீர்கள். அடுப்பின் மேல் எனக்குக் கோபம் இல்லை. காய்ந்த விறகு, போதிய காற்று, சுத்தமான குழாய் இருந்தால் விறகடுப்பு நல்ல கணப்புதான். ஆனால் பிரசவம் ஆகும் வரையாவது வேறு வழியில் வீட்டைச் சூடாக்க முடியுமானால் அதைத்தான் சொல்வேன். வேறு வழிக்காகக் கரிச்சட்டியைக் கொண்டுவந்து அறைக்குள் வைத்துவிடாதீர்கள், அது இந்த அடுப்பைவிட மோசம், குழாய்கூட இல்லாதது.

வேறு வழியே இல்லை என்றால், குழாய் சரிசெய்து, மூட்டு மாற்றி, டேப்பைப் பிரித்து அடுப்புக்கு வெளிக்காற்று வரும் வழி ஒன்று வைத்து, கருவி மாட்டிய பிறகு இப்படி எரியுங்கள். அடுப்பு எரியும்போது ஃபேன் வேண்டாம். போட்டே ஆகவேண்டும் என்றால் பக்கத்து ஜன்னலைத் திறந்துவைத்துவிட்டுப் போடுங்கள். பற்றவைக்கும்போது காற்று வழியை முழுக்கத் திறந்து, பெரிய கட்டை அடியிலும் சுள்ளி மேலேயுமாக அடுக்கி மேலிருந்து கொளுத்தினால் புகை குறையும். மண்ணெண்ணெய், பெட்ரோல் எதுவும் ஊற்றக் கூடாது. குழாயில் ஒட்டும் காந்த வெப்பமானி ஒன்று வாங்கினால், ஒற்றைச் சுவர்க் குழாயின் வெளிப்புறம் 115 முதல் 245 டிகிரி செல்சியஸுக்குள் நிற்கிறதா என்று பார்த்துக்கொள்ளலாம். கீழே போனால் பாகு படியும், மேலே போனால் தீ மிஞ்சுகிறது. கொஞ்சம் கொஞ்சமாக அடிக்கடி போட்டு, சுவாலையோடு எரியவிடுங்கள். தூங்குவதற்கு இரண்டு மணி நேரம் முன்பே கடைசிக் கட்டையைப் போட்டு நிறுத்துங்கள். கங்கு முழுக்க அணையும் வரை குழாய்த் தகட்டை யாரும் மூடக் கூடாது. விடியற்காலையில் வீடு குளிரும். அதற்குக் கனமான போர்வையும், நால்வரும் ஒரே அறையில் படுப்பதும் போதும்.

இப்போது மருத்துவமனைக்குக் கிளம்புங்கள். முடிவு வந்ததும் எனக்கு எழுதுங்கள். எண்ணை மட்டும் எழுதாமல், ரத்தம் எடுத்தது எத்தனை மணிக்கு, அடுப்பு கடைசியாக எரிந்தது எத்தனை மணிக்கு, இடையில் ஆக்சிஜன் வைத்தார்களா என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.